அப்பாவின் பழைய டெக் பெட்டிக்குள் வீட்டுக் கோப்பு சர்வர்: வெப்பம், மின்சாரம், இடம் பற்றி ஆலோசனை தேவை

டெக்குக்கடைப்பிள்ளை:

அனைவருக்கும் வணக்கம். 1986 முதல் 1999 வரை எங்கள் ஊரில் அப்பா வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தினார். கல்யாண வீடு, சடங்கு வீடு, விடிய விடிய மூன்று படம் பார்க்கும் திண்ணைக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் கலர் டிவியையும், கேசட் ஓட்டும் டெக்கையும் (விசிஆர்) சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார். அந்தக் காலத்து நேஷனல் டெக் ஒன்று இன்னமும் பரணில் இருக்கிறது. 43 செ.மீ. அகலம், 37 செ.மீ. ஆழம், கால்களோடு சேர்த்து 10.5 செ.மீ. உயரம். கனமான இரும்புத் தகடு. இதற்குள் வீட்டுக்கான கோப்பு சர்வர் ஒன்றை, அதாவது எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் சேமித்துத் தரும் கணினியை, கட்ட விரும்புகிறேன்.

சேமிக்க வேண்டியவை: சொந்தக்காரர்களின் கல்யாணம், காதுகுத்து என்று, பூஞ்சை ஏறத் தொடங்கிய 41 கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். டிஜிட்டல் வீடியோ (DV) வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகிறது. சராசரியாக ஒரு கேசட் இரண்டரை மணி நேரம் என்றால் மொத்தம் 1.3 டிபி. நான்கு பேருடைய கைப்பேசிப் படங்கள் இன்னும் 600 ஜிபி.

கையில் இருப்பவை: சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய ஏஎஸ்ராக் ஜே4105 மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு (விசிறியே தேவையில்லாத 10 வாட் சிப், டிஸ்க்குகளைச் செருக நான்கு சாட்டா இணைப்புகள்), 8 ஜிபி நினைவகம், 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. பெட்டியின் உள் உயரம் 9 செ.மீ. போர்டு 17 செ.மீ. சதுரம், டிஸ்க் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14.7 × 10.2 × 2.6 செ.மீ. இடம் தாராளமாக இருக்கிறது. என் கவலையெல்லாம் வெப்பமும் மின்சாரமும்தான். மே மாதத்தில் அந்த அறை 36 டிகிரியைத் தொடும்.

ஒளிநாடா:

நண்பரே, திருகாணியைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள். விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிப் புதிய டெக் வராது. பரணில் கிடக்கும் ஒவ்வொரு டெக்கும், யாரோ ஒருவருடைய கேசட்டைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிக்காட்டக்கூடிய இயந்திரம். பெட்டி அழகாக இருக்கிறது என்பதற்காக அதன் குடலை உருவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்வருக்குப் பெட்டி வேண்டுமென்றால் பழுதான டிவிடி பிளேயர் போதும். பழைய இரும்புக் கடைகளில் குவியலாகக் கிடக்கிறது.

டெக்குக்கடைப்பிள்ளை:

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பரணுக்கு மேல் ஓடு உடைந்து இரண்டு மழைக்காலம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வீடியோ ஹெட் உருளை துருப்பிடித்துவிட்டது, போர்டில் மின்தேக்கிகள் கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கின்றன. இன்னும் டெக் பழுது பார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். கேசட்டுகளை ஓட்ட வீட்டில் வேறொரு நல்ல டெக் இருக்கிறது. அதை நான் தொட மாட்டேன்.

ஒளிநாடா:

அப்படியானால் சரி. ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரப் பகுதியை உடைக்காமல் முழுதாகக் கழற்றுங்கள். அழுத்து உருளை, மோட்டார், பல்சக்கரங்கள் எல்லாம் வேறு டெக்கை உயிர்ப்பிக்கப் பயன்படும். அந்தப் பெரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. மின்சாரப் பகுதியில் இருக்கும் பெரிய மின்தேக்கியை வெறும் கையால் தொடாதீர்கள். பல வருடம் கிடந்த டெக்கில் மின்னேற்றம் தங்கியிருக்காதுதான். ஆனால் பழுது பார்க்கும்போது யாராவது மின்சாரம் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். மின்தடை வழியாக இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்த பிறகு கை வையுங்கள்.

கோவைப்பட்டறை:

தம்பி, நான் தகட்டு வேலை செய்கிறவன். டெக் பெட்டி இரண்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று இப்படி மாற்றியிருக்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் போர்டை அட்டையில் வைத்து, அதன் நான்கு துளைகளையும் பென்சிலால் குறித்து, அட்டையை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை அச்சிட்டால் அச்சுப்பொறி அளவைச் சுருக்கிவிடும். அதை நம்பித் துளை போட்டு ஒரு நல்ல தகட்டை வீணாக்கியிருக்கிறேன். டெக்கின் அடித்தகடு தட்டையாக இருக்காது. இயந்திரத்தைத் தாங்க மேடும் பள்ளமுமாக அழுத்தியிருப்பார்கள். அதில் நேரடியாகப் பித்தளைத் தாங்கிகளை நட்டால் உயரம் ஒன்றுபோல் இராது, போர்டு வளையும். அதனால் 2 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, தாங்கிகளை அதில் நட்டு, அந்தத் தகட்டைப் பெட்டியில் திருகுங்கள். பிறகு போர்டு மாற்றினாலும் தகட்டை மட்டும் மாற்றினால் போதும்.

பின்பக்கம் வெட்டும்போது பெட்டியில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. கிரைண்டரில் பறக்கும் இரும்புத் துகள் ஒன்று போர்டின் கால்களுக்கு நடுவே விழுந்தால் அதோடு முடிந்தது. வெட்டி முடித்ததும் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூலை முடுக்கெல்லாம் தடவுங்கள். துகள்கள் பையில் ஒட்டும், பையை உள்வெளியாகத் திருப்பினால் கையோடு வந்துவிடும். அலுமினியத் துகள் காந்தத்துக்கு வராது. அந்தத் தகட்டை வெளியிலேயே துளைத்து, துடைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். வெட்டிய விளிம்புகளை அரத்தால் மழுக்கி ஒரு கை பெயின்ட் அடியுங்கள். கடலோர ஊர் என்றால் இரண்டு கை.

இப்போது வெப்பம். டெக்கின் மேல்மூடியிலும் அடியிலும் காற்றுத் துளைகள் இருக்கும். அவை விசிறி இல்லாமல் தானாக மேலெழும் காற்றுக்காக வைத்தவை. நீங்கள் விசிறி போட்டதும் அதே துளைகள் பகையாகிவிடும். பக்கத்தில் எங்கே துளை இருக்கிறதோ அங்கிருந்து காற்றை இழுத்துக்கொள்ளுமே தவிர, டிஸ்க்குகளைச் சுற்றி வராது. டிஸ்க்குகளை இடப்பக்கம், போர்டை வலப்பக்கம் வைத்து, நடுவில் 8 செ.மீ. விசிறியை நிமிர்த்தி நிறுத்துங்கள். மேல்துளைகளை உள்ளிருந்து தகட்டால் மூடிவிடுங்கள். டிஸ்க்குகளுக்குக் கீழே இருக்கும் அடித்துளைகள் மட்டும் திறந்திருக்கட்டும். பெட்டியின் கால்களை இரண்டு செ.மீ. உயர்த்துங்கள். காற்று அடியிலிருந்து ஏறி, டிஸ்க்குகளைத் தடவி, விசிறி வழியாகப் போர்டைக் கடந்து, பின்பக்கம் வெளியேறும். டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைக்காதீர்கள். ஒரு விரல் இடைவெளி வேண்டும், அடியில் ரப்பர் வளையமும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரும்புப் பெட்டி இரவெல்லாம் தம்புரா மாதிரி ஒலிக்கும்.

மின்கணக்கு:

போர்டுத் தேர்வு மிகச் சரி. பழைய கணினியையே சர்வராக்கிவிடலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். என்னிடம் இருந்த பழைய கோர் 2 டுவோ கணினி சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுத்தது. 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்தில் 100 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைப்பதே அந்த 100 யூனிட்தான், அதை அப்படியே அது தின்றுவிடும். உங்கள் அமைப்பு இரண்டு டிஸ்க்கும் சுழலும்போது 20 வாட் அளவில் நிற்கும், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்.

ஆனால் 20 வாட்தானே என்று சிறிய அடாப்டரை வாங்கிவிடாதீர்கள். நின்றிருக்கும் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஒருசில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். இரண்டு டிஸ்க்குக்கு 4, போர்டுக்கு ஒன்றரை. பின்னால் மூன்றாவது டிஸ்க் போட்டால் எட்டை நெருங்கும். பலகை வடிவிலான பைக்கோ பவர் சப்ளை, 150 வாட் ரகம், கூடவே 12 வோல்ட் 10 ஆம்பியர் அடாப்டர். இதற்குக் கீழே போக வேண்டாம். பைக்கோ உள்ளே வரும் 12 வோல்ட்டை டிஸ்க்குகளுக்கு அப்படியே கடத்திவிடும் என்பதால் அடாப்டர் தரமானதாக இருப்பது அவசியம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 230 வோல்ட் அந்த இரும்புப் பெட்டிக்குள் நுழைவதே இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய வகை மின்முனையான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மின்கம்பிகளில், முனை முழுவதும் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த ரகத்தைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த படங்கள் ஏராளம். கம்பிகள் தனித்தனியாகக் கவ்வப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும் ரகத்தையே வாங்குங்கள்.

இரட்டைவட்டு:

டிஸ்க் எந்த ரகம் என்று சொல்லவில்லையே? தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் ரகமா, தனித்தனித் தடமாக எழுதும் சிஎம்ஆர் ரகமா? எஸ்எம்ஆர் என்றால், ஒரு டிஸ்க் போய்ப் புதியதை இணைத்து மீண்டும் நிரப்பும்போது நாள் கணக்கில் திணறும், சில சமயம் பாதியில் வெளியேற்றப்பட்டுவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது. பெட்டியின் மேல் எழுதியிருக்காது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்க்க வேண்டும்.

சிஎம்ஆர் என்றால் இரண்டையும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் கண்ணாடி இணையாக, அதாவது ஒரே தகவல் இரண்டிலும் எழுதப்படும்படி, அமையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், ஒரு டிஸ்க் சத்தமில்லாமல் தவறான தகவலைத் தந்தால்கூடக் கண்டுபிடித்து மற்றதிலிருந்து திருத்திவிடும். உங்களுடைய கேசட்டுகளில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னொரு முறை ஓட்ட முடியுமா என்பது சந்தேகம். அப்படிப்பட்ட கோப்புகளுக்கு இந்தச் சரிபார்ப்பு கட்டாயம்.

எளியவழி:

இதில் எனக்கு உடன்பாடில்லை. சேமிப்பு சர்வருக்கான இலவச மென்பொருளான ஓப்பன்மீடியாவால்ட் போட்டு, ஒரு டிஸ்க்கைச் சாதாரண லினக்ஸ் வடிவத்தில் வைத்து, ஒவ்வொரு இரவும் மற்றதில் நகலெடுத்தால் போதும். கண்ணாடி இணையில் அம்மா தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அடுத்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும். இரவு நகலில் குறைந்தது விடியும்வரை அவகாசம் இருக்கிறது. பெட்டியே எரிந்துபோனாலும் டிஸ்க்கை எந்த லினக்ஸ் கணினியிலும் செருகிப் படிக்கலாம். வீட்டில் நீங்கள் இல்லாத நாளில் மற்றவர்களுக்கு இது புரியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இரட்டைவட்டு:

அழித்ததை மீட்க இசட்எஃப்எஸ்ஸில் கணநிலைப் பதிவு இருக்கிறது, அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும். மணிக்கு ஒன்று எடுக்கலாம், மாறாத கோப்புகளுக்கு இடமும் பிடிக்காது. உங்கள் இரவு நகல் முறையில் முதல் டிஸ்க்கில் ஒரு கோப்பு கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகும்? கெட்ட பிரதி நல்ல பிரதியின் மேல் ஏறிவிடலாம். அதைத் தடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி இணை காப்புப் பிரதி ஆகாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே அடாப்டரில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. அந்தக் கூரை ஏற்கெனவே ஒரு டெக்கைக் கொன்றிருக்கிறது.

வாசல்தட்டு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லலாமா? விஎச்எஸ் கேசட்டின் தடிமன் 2.5 செ.மீ. ஹார்ட் டிஸ்க்கின் தடிமன் 2.6 செ.மீ. கேசட்டின் அகலம் 18.7 செ.மீ., டிஸ்க்கின் அகலம் 10.2 செ.மீ. அதாவது, கேசட் போகும் வாய்க்குள் டிஸ்க் போகும்! வாயின் உயரத்தில் எப்போதும் சற்றுத் தளர்வு இருக்கும். போதாவிட்டால் அரத்தால் அரை மில்லிமீட்டர் இழைத்தால் சரியாகிவிடும்.

கேசட் வாயின் மூடிக்குப் பின்னால், தட்டு இல்லாமல் டிஸ்க்கை நேரடியாகச் செருகும் சட்டம் ஒன்றைப் பொருத்துங்கள். போர்டில் மூன்றாவது சாட்டா இணைப்பு சும்மாதான் இருக்கிறது. போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அந்த இணைப்புக்கு மட்டும் ஓட்டத்திலேயே செருகும் வசதியை இயக்குங்கள். வாரம் ஒருமுறை டிஸ்க்கைக் கேசட் மாதிரி உள்ளே தள்ளுங்கள், நகல் ஓடட்டும், முறையாக இணைப்பை விடுவித்து, சுழல்வது நின்றதும் வெளியே எடுத்து வேறொரு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றி ஓட்டினால் எப்போதும் ஒன்று வெளியில் இருக்கும்.

டெக்குக்கடைப்பிள்ளை:

வாசல்தட்டு, இதைப் படித்ததும் எழுந்துபோய் ஒரு டிஸ்க்கை அந்த மூடிக்குள் தள்ளிப் பார்த்தேன். போகிறது! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூடியை மட்டும் இரண்டு முறை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

என் திட்டம் இப்போது முழுக்க மாறிவிட்டது. இரண்டு டிஸ்க்கும் சிஎம்ஆர்தான், பட்டியலில் பார்த்துவிட்டேன். அவற்றை இசட்எஃப்எஸ் கண்ணாடி இணையாக வைக்கிறேன். வெளியே போகும் டிஸ்க்குகளை எளியவழி சொன்னதுபோல் சாதாரண லினக்ஸ் வடிவத்தில், யாரும் படிக்கும்படி வைக்கிறேன்.

டெக்குக்கடைப்பிள்ளை (ஐந்து வாரம் கழித்து):

கட்டி முடித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தகட்டு வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அட்டை மாதிரி என்னைக் காப்பாற்றியது. முதல் குறிப்பில் போர்டின் பின்பக்கம் 4 மி.மீ. விலகியிருந்தது. முன்பக்கத்து மின்சாரப் பொத்தான் அழுத்தினால் மட்டும் இணையும் ரகம் என்பதால், அதன் பழைய தடங்களை அறுத்து இரண்டு கம்பி பற்றவைத்துப் போர்டோடு இணைத்தேன். அதே பொத்தான், அதே டிக் ஓசை.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பட்டறை ஐயா சொன்னதை முதலில் முழுதாகக் கேட்காமல் மேல்துளைகளைத் திறந்தே விட்டிருந்தேன். அறை 34 டிகிரியில் இருக்க, டிஸ்க்குகள் 49 வரை போயின. துளைகளை மூடி, கால்களை உயர்த்திய பிறகு அதே அறையில் 42. விசிறியின் வேகத்தைக் கூட்டவே இல்லை, காற்றின் வழியை மட்டும்தான் மாற்றினேன்.

ஒரு பெரிய பயமும் வந்துபோனது. நான்காம் நாள் ஒரு டிஸ்க் இணையிலிருந்து விழுந்தது. மீண்டும் இணைத்தேன், மறுநாள் மறுபடியும் விழுந்தது. டிஸ்க்கே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

இரட்டைவட்டு:

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவேட்டைப் பார்த்தீர்களா? கெட்டுப்போன பகுதிகளை எண்ணும் 5, 197, 198 ஆகிய வரிசைகள் பூஜ்யமாக இருந்து, தகவல் கடத்தும்போது வரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால், கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான்.

டெக்குக்கடைப்பிள்ளை:

அதேதான். 199 மட்டும் இருநூறைத் தாண்டியிருந்தது. மேல்மூடி போடும்போது சாட்டா கேபிளின் நேர்முனை மூடியில் இடித்து வளைந்திருக்கிறது. முனை பக்கவாட்டில் திரும்பிய கேபிள் வாங்கி மாற்றினேன். அதற்குப் பிறகு அந்த எண் அசையவில்லை. இசட்எஃப்எஸ் விடுபட்ட பகுதியை மட்டும் சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டது.

இரட்டைவட்டு:

நல்லது. ஆனால் பதிவேடு சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்துக் கூகிள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் எதையும் காட்டாமலே போயிருக்கின்றன. எண் ஏறினால் உடனே மாற்றுங்கள். ஏறாவிட்டாலும் வெளியே போகும் நகலை நிறுத்தாதீர்கள்.

புதியவன்_திருச்சி:

வேகம் எப்படி இருக்கிறது? வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அங்கிருந்தே படங்களைப் பார்க்க ரவுட்டரில் வழி திறந்துவிடலாமா? எங்கள் வீட்டிலும் இதே கேள்வி.

டெக்குக்கடைப்பிள்ளை:

கிகாபிட் கம்பியில் நொடிக்கு 110 எம்பி வருகிறது. ஒரு கேசட்டின் கோப்பு ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுகிறது. வைஃபையில் அவ்வளவு இல்லை, அதனால் கேசட் மாற்றும் கணினிக்கு மட்டும் கம்பி இழுத்திருக்கிறேன்.

எளியவழி:

திருச்சி நண்பரே, வழி திறக்கவே திறக்காதீர்கள். 2022 ஜனவரியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. வயர்கார்டு போன்ற மறையாக்கச் சுரங்கம் ஒன்றை அமைத்து, அதன் வழியாக அண்ணன் உள்ளே வரட்டும். கோப்புகளை வீட்டு வலையில் பகிரும் மென்பொருளான சாம்பாவில், எஸ்எம்பி என்ற பகிர்வு முறையின் முதல் பதிப்பையும் அணைத்து வையுங்கள். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வானாக்ரை தீநிரல் அதன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. பழைய டிவி ஒன்றுக்கு முதல் பதிப்பு மட்டுமே தெரியும் என்றால், அதற்காகக் கதவைத் திறக்காமல் டிவிக்குப் படம் அனுப்பும் முறையான டிஎல்என்ஏ வழியாகப் படத்தை அனுப்புங்கள்.

மின்கணக்கு:

மின்வெட்டுக்கு என்ன செய்தீர்கள்? இன்வெர்ட்டர் இருக்கிறது என்று விட்டுவிட்டீர்களா?

டெக்குக்கடைப்பிள்ளை:

முதலில் அப்படித்தான் விட்டிருந்தேன். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் பெட்டி அணைந்து எழுந்தது. இப்போது யுஎஸ்பி இணைப்புள்ள சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன். பேட்டரி குறைந்ததும் சர்வரே முறையாக அணைந்துகொள்கிறது. இரண்டு முறை கம்பியைப் பிடுங்கிச் சோதித்தேன்.

ஒளிநாடா:

இயந்திரப் பகுதி என்ன ஆயிற்று?

டெக்குக்கடைப்பிள்ளை:

முழுதாக அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிட்டேன். அழுத்து உருளையும் கேசட்டை ஏற்றும் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன என்றார். மோட்டாரை ஏற்கெனவே வேறொருவருடைய டெக்கில் போட்டுவிட்டாராம்.

வாசல்தட்டு:

கேசட் வாயில் டிஸ்க் மாற்றும் வேலை ஒழுங்காக நடக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது வாரத்தோடு மறந்துபோகும் விஷயம் இது. அதனால்தான் கேட்கிறேன்.

டெக்குக்கடைப்பிள்ளை:

அதை அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். இரண்டு டிஸ்க்கிலும் பழைய கடை ஸ்டிக்கர் ஒட்டி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறார். கடையில் மிஞ்சிய வாடகை நோட்டு ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்திருக்கிறார். எண், எடுத்தவர் பெயர், எடுத்த தேதி, திரும்பிய தேதி என்ற அதே நான்கு கட்டம். சனிக்கிழமை காலை டிஸ்க்கை மூடிக்குள் தள்ளுவார். நகல் முடிந்ததும் பச்சை விளக்கு எரியும்படி வைத்திருக்கிறேன். இணைப்பு விடுபட்டு, சுழல்வது நின்ற பிறகுதான் அது எரியும். அவர் எடுத்துத் துணிப்பையில் சுற்றி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் மற்றதை வாங்கி வருவார். போன சனிக்கிழமை அக்கா வெளியூர் போய்விட்டார். இரண்டாம் எண் டிஸ்க் ஒருநாள் தாமதமாகத் திரும்பியது. நோட்டில் அதையும் குறித்து வைத்திருக்கிறார்.